இடைக்கால வரலாற்றுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பது எப்படி?

வரலாற்றுக் கருத்தரங்குகளின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால், 'சோழர் கால நீர் மேலாண்மை', 'விஜயநகரர் காலச் சமுதாயம்', 'இடைக்காலத் தமிழகத்தில் பெண்கள்' போன்ற தலைப்புகள் ஆண்டுதோறும் திரும்ப வருவதைக் காணலாம். நானூறு ஆண்டு வரலாற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட முயலும் இத்தகைய கட்டுரைகளில் கேட்பவர் மறுக்கவும் எதுவும் இருப்பதில்லை, புதிதாக அறிந்துகொள்ளவும் எதுவும் இருப்பதில்லை. கருத்தரங்கக் கட்டுரை என்பது ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குரிய சான்றுகளைக் கேட்பவர் சரிபார்க்கும்படி முன்வைத்து, ஒரு முடிவைச் சொல்வது. இந்த வழிகாட்டி அந்த அளவில்தான் எழுதப்பட்டுள்ளது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும், கல்லூரி ஆசிரியர்களுக்கும், பட்டம் எதுவுமின்றித் தம் வட்டாரக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துவரும் ஆர்வலர்களுக்கும் இது பயன்படக்கூடும். தமிழக இடைக்கால வரலாற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்.

எந்த அவைக்குப் போவது

கட்டுரையை எழுதி முடித்த பின் அதற்கேற்ற கருத்தரங்கைத் தேடுவதை விட, எந்த அவையில் வாசிக்கப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்வது நல்லது. அவைக்கு அவை கேட்போர் மாறுவர். எந்த அளவுக்கு விளக்கம் தேவை என்பதும் அதற்கேற்ப மாறும்.

1935இல் புணேயில் தொடங்கிய இந்திய வரலாற்றுப் பேரவை பெரும்பாலும் டிசம்பர் இறுதியில், ஆண்டுக்கொரு பல்கலைக்கழகத்தில் கூடுகிறது. உறுப்பினராகச் சேர்ந்து, கட்டுரையை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அங்கு உங்கள் முன் அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு வேலி என்பது எவ்வளவு நிலம் என்றோ, ஊர் என்னும் பிராமணரல்லாதார் அவைக்கும் சபை என்னும் பிராமணர் அவைக்கும் என்ன வேறுபாடு என்றோ தெரிந்திருக்காது. ஆனால் முகலாயர் கால நிலவரி முறையையோ ராஜஸ்தான் ஆவணங்களையோ கரைத்துக் குடித்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் எழுப்பும் ஒப்பீட்டுக் கேள்விகள் தமிழ்நாட்டுக்குள் கிடைக்காதவை. கட்டுரையை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பதில் ஒரு குழப்பம் வரும். நாம் சோழர் காலத்தை இடைக்காலம் என்றே கற்றிருக்கிறோம். அங்கோ 1200ஐ ஒட்டிக் கோடு கிழிக்கும் பழக்கம் இருப்பதால், சோழர் பற்றிய கட்டுரைகள் பண்டைய இந்தியா பிரிவிலும் விஜயநகரம் பற்றியவை இடைக்கால இந்தியா பிரிவிலும் இடம்பெறுவது வழக்கம். அனுப்புவதற்கு முன், வாசித்த கட்டுரைகளை அச்சிடும் பழைய நடவடிக்கைத் தொகுதிகள் இரண்டைப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

தென்னிந்திய வரலாற்றுப் பேரவையும் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையும் முதன்முறையாக வாசிப்பவர்களுக்கு ஏற்ற இடங்கள். கல்வெட்டு, செப்பேடு, காசு ஆகியவற்றை நேரடியாகக் கையாளும் கட்டுரை என்றால், தஞ்சாவூரை மையமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். அந்தக் கழகத்தின் 'ஆவணம்' இதழில் புதிதாகக் கண்டறியப்பட்ட கல்வெட்டுகளின் பாடம் தொடர்ந்து வெளிவருகிறது. ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தாலும் உடனே எழுந்து சொல்லக்கூடியவர்கள் அந்த அவையில் இருப்பார்கள்.

வெளிநாட்டு அவைகளில் இரண்டு பெரியவை. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் ஜூலை மாதத்தில் நடந்துவரும் பன்னாட்டு இடைக்கால மாநாடு ஒன்று. அமெரிக்காவின் கலமசூ நகரில் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் மே மாதத்தில் நடத்தும் மாநாடு மற்றொன்று. இரண்டிலும் ஐரோப்பாவே மையம். இருப்பினும் கடல் வணிகம், வணிகக் குழுக்கள், பலமொழிக் கல்வெட்டுகள் போன்ற பொருள்களுக்கு அங்கு இடமுண்டு. சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக்குரிய, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் கல்வெட்டையோ, சீனத் துறைமுகமான சுவான்சௌவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்–சீன இருமொழிக் கல்வெட்டையோ எடுத்துக்கொண்டு செல்பவரை, மத்தியதரைக் கடல் வணிகத்தை ஆராய்பவர் ஆர்வத்துடன் கேட்பார். லீட்ஸில் ஓர் அமர்வு 90 நிமிடம். பொதுவாக 20 நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று கட்டுரைகள், மீதி நேரம் கேள்விகளுக்கு. ஜூலை மாநாட்டுக்கான முன்மொழிவை முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே அனுப்ப வேண்டியிருப்பதால், விசா, பயண நல்கை ஆகியவற்றுக்கும் சேர்த்து ஓராண்டுக்கு முன்பே திட்டமிட வேண்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் ஏற்றுக்கொள்ளும் 'பன்னாட்டுக் கருத்தரங்கு'களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வரலாறு, வணிகவியல், கணினி, யோகா என அனைத்துத் துறைகளுக்கும் ஒரே அழைப்பிதழ். சுருக்கம் அனுப்பிய அன்றே ஏற்புக் கடிதம். கருத்தரங்கு தொடங்கும் காலையிலேயே ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் அச்சிட்ட கட்டுரைத் தொகுப்பு. ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு நூலை அடையாளம் காண உதவும் பதின்மூன்று இலக்க எண். அது தரச் சான்று அன்று. ஒருவரும் கேட்பதற்கு முன்பே அச்சாகிவிட்ட கட்டுரையில் கேள்வி நேரத்தில் வெளிப்படும் திருத்தத்தை எங்கே சேர்ப்பது? பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது என்பதை நானும் அறிவேன். ஆனால் நல்ல சான்றுகள் கையில் இருக்கும்போது அவற்றை அங்கே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டாம்.

கேள்வியைச் சிறிதாக்குதல்

ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபோரு கராஷிமா 1960களில் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல முன்மாதிரி. சோழர் காலத்தில் நிலம் யாருக்கு உரிமையாக இருந்தது என்பது மிகப் பெரிய கேள்வி. அவர் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டே இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டார். பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரான, ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களிடம் இருந்ததையும், பிரமதேயம் அல்லாத அல்லூரில் ஊரார் சேர்ந்து நிலத்தை வைத்திருந்ததையும் அக்கல்வெட்டுகளைக் கொண்டே காட்டினார். அதன் பிறகு வந்தவர்கள் அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். எதுவாயினும் அதே கல்வெட்டுகளுக்குத் திரும்பிச் சென்றுதான் பேச வேண்டும்.

இனி, அனைவருக்கும் தெரிந்த உத்தரமேரூரை எடுத்துக்கொள்வோம். குடவோலை முறையைப் பற்றி எத்தனையோ கருத்தரங்கக் கட்டுரைகள் வந்துள்ளன. அவற்றில் மிகப் பல 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் மக்களாட்சி' என்று தொடங்கி அதே வரியில் முடிகின்றன. கல்வெட்டு சொல்வது அதைவிடக் குறுகலானது. குறுகலாக இருப்பதாலேயே ஆராயத் தக்கது. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிரமதேய ஊர். விதிகளை வகுத்தது அங்கிருந்த பிராமணர் சபை. ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டியவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேத அறிவும் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் சேரக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் சேரக் கூடாது. குடும்பு எனப்பட்ட ஊர்ப் பிரிவுகள் முப்பதிலிருந்தும் குடவோலையால் முப்பது பேரைத் தேர்ந்து, சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பிரித்தார்கள். அரசன் ஆணையுடன் வந்த அதிகாரி ஒருவர் விதிகள் வகுக்கப்பட்டபோது உடனிருந்தார்.

இதில் சிறிய கேள்வி எங்கே இருக்கிறது? விதிகளைச் சொல்லும் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு, மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டு. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். இரண்டே ஆண்டுகளில் ஏன் மாற்றினார்கள்? வேறு எவை மாறின? எது மாறாமல் நின்றது? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடினாலே பதினைந்து நிமிடத்துக்குரிய கட்டுரை அமைந்துவிடும். மக்களாட்சி என்ற பேச்சைக் கட்டுரையாசிரியர் எடுக்கவே தேவையில்லை. கேள்வி நேரத்தில் யாரேனும் தவறாமல் எடுப்பார்கள்.

ஆய்வுச்சுருக்கம்

பெரும்பாலான கருத்தரங்குகள் 250 முதல் 300 சொற்களுக்குள் ஆய்வுச்சுருக்கம் கேட்கின்றன. தேர்வுக் குழு அதில் பார்ப்பது, கேள்வி என்ன, சான்று எது, எவ்வாறு ஆராயப்போகிறீர்கள், தோராயமாக என்ன முடிவு என்பவற்றைத்தான். 'தமிழர் வரலாறு தொன்மையும் சிறப்பும் வாய்ந்தது' என்னும் வகை முன்னுரைக்கு அதில் இடமில்லை. மேற்கண்ட பொருளுக்குச் சுருக்கத்தின் முதற்பகுதி இப்படி அமையலாம்:

'உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் வாரியத் தேர்வுக்கான விதிகளைக் கூறுகின்றன. இரண்டுக்கும் இடையில் வயது வரம்பு மாறியுள்ளது. தகுதியிழப்புக்குரிய காரணங்கள் விரிந்துள்ளன. இவ்விரு பாடங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, இம்மாற்றங்கள் முதல் விதியை நடைமுறைப்படுத்தியபோது எழுந்த சிக்கல்களைக் காட்டுகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வூர்ச் சபையின் பிற கல்வெட்டுகள் துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.'

முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்றால் அதை உறுதியானதைப் போல எழுத வேண்டாம். எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல்: ஒருங்குறியில் எழுதுங்கள், வானவில்லோ பாமினியோ கேட்கும் அமைப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் அழைப்பிதழைப் பார்த்து, தேவையானால் மாற்றிய பின் கிரந்த எழுத்துகளும் எண்களும் சிதையாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்து அனுப்புங்கள்.

சான்றுகளைக் கையாளுதல்

இடைக்காலக் கட்டுரைகள் பெரும்பாலும் விழுந்துபோவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவதாக, கல்வெட்டின் சுருக்கத்தையும் கல்வெட்டின் பாடத்தையும் ஒன்றாகக் கருதக் கூடாது. 1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கம் மட்டுமே இருக்கும். அதை எழுதியவருக்கு எது முக்கியமாகப் பட்டதோ அது அங்கே இருக்கும். உங்கள் கேள்விக்குரிய சொல் விடுபட்டிருக்கலாம். முழுப் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாவட்டவாரியாக வெளியிட்டுள்ள தொகுதிகளிலோ, 'ஆவணம்' இதழ்களிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கும் இல்லையென்றால், இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் மைப்படியை (கல்லின்மேல் தாளை ஒட்டி மையால் எடுத்த படியை) பார்க்க விண்ணப்பிக்கலாம், அல்லது கல்லையே நேரில் சென்று படிக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் சுருக்கத்தை மட்டுமே நம்பியிருந்தால் கட்டுரையில் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகமும் நிழற்படத் தொகுப்பும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய பதிப்புகளைத் தேடுபவருக்கு உதவும்.

இரண்டாவது, காலக்கணிப்பு. கல்வெட்டுகள் ஆட்சியாண்டைத்தான் தருகின்றன. அது நடப்பாண்டு என்பதை மறந்து ஆட்சி ஏற்ற ஆண்டுடன் அப்படியே கூட்டுவதால் ஓராண்டு பிசகும். பராந்தகன் 907இல் ஆட்சி ஏற்றான் எனக் கொண்டால் அவனுடைய முதல் ஆட்சியாண்டு 907–908. 12ஆம் ஆட்சியாண்டு 918–919. 14ஆம் ஆட்சியாண்டு 920–921. நூல்களில் 919, 921 என்று ஒற்றை எண்ணாகக் காண்பதை இந்த இரட்டை எண்ணாகவே எழுதினால் உங்கள் கணக்கு கேட்பவருக்கு விளங்கும். ஆட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதையும் கவனிக்க வேண்டும். முதலாம் இராசேந்திரன் 1012இலிருந்தே தன் ஆட்சியாண்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டான். 985இல் பட்டத்துக்கு வந்த அவன் தந்தை இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளோ 1013–14க்குரியவை. இரண்டு அரசர் பெயரிலும் ஒரே காலத்தில் கல்வெட்டுகள் இருப்பது முரண்பாடு அன்று.

அரசன் பெயரே இல்லாத கல்வெட்டுகள் இன்னும் சிக்கலானவை. சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தார்கள். விசயாலயன் பரகேசரி, முதலாம் ஆதித்தன் இராசகேசரி, பராந்தகன் பரகேசரி என்று அது தொடர்கிறது. 'மதிரை கொண்ட (மதுரையை வென்ற) கோப்பரகேசரி' என்றிருந்தால் பராந்தகன் என்று சொல்லிவிடலாம். வெறும் 'கோப்பரகேசரி, யாண்டு 5' என்று மட்டும் இருந்தால், விசயாலயனிலிருந்து உத்தமசோழன் வரை பலர் பொருந்துவார்கள். எழுத்தமைதி, குறிக்கப்படும் அதிகாரிகளின் பெயர்கள், அதே கோயிலின் பிற கல்வெட்டுகள், கட்டடப் பகுதியின் காலம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவுக்கு வந்த காரணத்தை அடிக்குறிப்பில் எழுத வேண்டும். பதிப்பாசிரியர் தலைப்பில் 'உத்தமசோழன்' என்று போட்டிருக்கிறார் என்பது போதுமான காரணம் ஆகாது.

மூன்றாவது, பாடத்தை மேற்கோள் காட்டும் முறை. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ஆகவே பதிப்பில் நீங்கள் காண்பது ஏற்கெனவே ஒருவர் படித்து முடிவு செய்த வடிவம். மேற்கோளைக் கல்லில் உள்ள எழுத்தமைதியுடன் கொடுத்து, சிதைந்த இடங்களைச் சதுர அடைப்புக்குள் காட்டி, உங்கள் வாசிப்பையும் பொருளையும் தனியே எழுதுங்கள். பாடத்துக்குள்ளேயே சொற்களைத் திருத்திக் கொடுப்பதைப் பலர் உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். அடுத்து வருபவருக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

நேரில் சென்று படமெடுப்பவர்கள் கோயில் இந்து சமய அறநிலையத் துறையினுடையதா, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதா என்று அறிந்து உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். கைப்பேசியின் மின்னொளியை நேராகப் பாய்ச்சினால் எழுத்துகள் தட்டையாகி மறைந்துவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயில் சுவரின்மேல் விழும் நேரத்திலோ, இருட்டான உட்பகுதியில் ஒருவர் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க மற்றவர் எடுப்பதாகவோ முயன்றால், மங்கிய பள்ளங்கள்கூட நிழலுடன் தெளியும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியையோ மாவையோ எண்ணெயையோ தேய்ப்பது கல்லைக் கெடுக்கும் செயல். அப்படித் தேய்த்து எடுத்த படத்தைத் திரையில் காட்டினால் அவையிலுள்ள கல்வெட்டறிஞர்களின் மதிப்பை அந்தக் கணமே இழப்பீர்கள்.

கேட்பதற்காக எழுதுதல்

வெளியிடுவதற்கு எழுதிய முழுக் கட்டுரையை அப்படியே வாசிக்கக் கூடாது. வாசிப்பதற்கென ஒரு தனி வடிவம் வேண்டும். தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால், கல்வெட்டுச் சொற்கள் நிறைந்த ஓர் உரையைக் கேட்பவரால் பின்தொடர முடியாது. எனவே பதினைந்து நிமிடம் என்றால் ஆயிரத்து நானூறு சொற்களுக்குள் நிறுத்துங்கள். முடிவை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். நூறாண்டு ஆய்வு வரலாற்றை வரிசைப்படுத்துவது முழுக் கட்டுரையின் வேலை. வாசிக்கும்போது, உங்கள் கேள்விக்கு நேராக முன்பு விடை சொன்ன ஒருவரையோ இருவரையோ குறிப்பிட்டு எங்கே வேறுபடுகிறீர்கள் என்று காட்டினால் போதும்.

திரையில் காட்ட வேண்டியவை மூன்று வகை: இன்றைய வட்டப் பெயர்களுடன் வரைந்த ஓர் எளிய வரைபடம், ஆராயும் வரிகளின் படமும் பாடமும், ஒப்பீட்டு அட்டவணை. வாசிக்கும் பத்திகளையே திரையிலும் போட்டால் அவையோர் படிக்கத் தொடங்கிவிடுவார்கள், உங்களைக் கேட்க மாட்டார்கள். உத்தரமேரூர்க் கட்டுரைக்கு, இடப்பக்கம் 12ஆம் ஆண்டு, வலப்பக்கம் 14ஆம் ஆண்டு என்று விதிகளை எதிரெதிராக வைத்த ஒரே அட்டவணை முழுக் கட்டுரையையும் தாங்கும். கல்வெட்டு வரிகளைத் தாளில் அச்சிட்டு முப்பது படிகள் கொண்டுபோவது இன்னும் சிறந்தது. திரைப்பொறி வேலை செய்யாத அறைகள் நம் ஊரில் குறைவில்லை.

அமர்வு நாளில்

தொடக்க விழாவுக்கு ஒரு மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை நால்வர், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நூல் வெளியீடு என்று அது நண்பகலைத் தொடுவதும், அந்தத் தாமதம் முழுவதும் ஆய்வாளர்களின் நேரத்திலிருந்தே கழிக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டது. பதினைந்து நிமிடம் என்று அழைத்தவர்கள் 'ஏழு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். விழாவுக்குக் காட்டும் தாராளத்தை ஆய்வுக்குக் காட்டாத இந்தப் பழக்கத்தை அமைப்பாளர்கள் விட்டொழிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் அதுவரை, ஏழு நிமிட வடிவம் ஒன்றையும் கையில் வைத்திருப்பதே அறிவுடைமை. கட்டுரையின் எந்தப் பத்திகளை விட்டாலும் வாதம் நிற்கும் என்று பார்த்து, ஓரத்தில் முன்பே கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகப் படித்து எல்லாவற்றையும் சொல்ல முயல்வதைவிட, இரண்டு சான்றுகளை விட்டுவிட்டு ஒன்றை நிறுத்திச் சொல்வது மேல்.

அமர்வு தொடங்குவதற்கு முன் தலைவரைச் சந்தித்து உங்கள் பெயர், நிறுவனம், தலைப்பு ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். உங்கள் அமர்வில் மற்றவர்கள் வாசிப்பதை முழுவதும் இருந்து கேளுங்கள். வாசித்தவுடன் சான்றிதழை வாங்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறவர்களை மூத்தவர்கள் நன்றாகவே நினைவில் வைத்திருப்பார்கள்.

கேள்வி நேரத்தை அஞ்சி வாசிப்பை நீட்டி நேரத்தைக் கரைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. கருத்தரங்குக்குப் போவதன் பயனே அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கட்டுரையை வீட்டிலிருந்தே அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். தாளும் பேனாவும் எடுத்துக் கேள்விகளைக் கேட்டவர் பெயருடன் எழுதிக்கொள்ளுங்கள். 'அந்த இடத்தை நீங்கள் படித்தது தவறு' என்று ஒருவர் சொன்னால், எந்தப் பதிப்பின் பாடத்தைப் பின்பற்றினீர்கள் என்பதைச் சொல்லி, அவருடைய வாசிப்பைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே தீர்க்க முயல வேண்டாம். 'சோழ அரசு மையப்படுத்தப்பட்டதா இல்லையா' என்பது போன்ற பெரிய கேள்வி வரும். 1980இல் அமெரிக்க வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் கூறுநிலை அரசு (அரசனின் நேரடி அதிகாரம் மையப் பகுதியோடு நின்று, பிற பகுதிகள் பெரும்பாலும் தம்மைத் தாமே ஆண்ட அரசு) என்ற கருத்தை விரிவாக முன்வைத்தது முதல் நடந்துவரும் அந்த விவாதத்துக்கு, உங்கள் இரண்டு கல்வெட்டுகள் எந்த அளவுக்கு விடை தரும், எங்கே தராது என்று சொல்வதே நேர்மையான பதில். உத்தரமேரூரில் அரசனின் அதிகாரி உடனிருந்தார் என்பதை ஒரு தரப்பும், விதிகளை வகுத்தது சபையே என்பதை மறுதரப்பும் எடுத்துக்கொள்ளும். இரண்டும் கல்வெட்டில் இருக்கின்றன.

சாதிப் பெருமையோ ஊர்ப் பெருமையோ கலந்த கேள்விகளும் வரும். கல்வெட்டில் வரும் ஒரு குழுப் பெயரைக் காட்டி, 'அவர்கள்தாமே இன்றைய எங்கள் இனத்தவர்?' என்று ஒருவர் கேட்கலாம். சினமின்றி, அந்தப் பெயர் அந்தக் கல்வெட்டில் எந்தச் சூழலில் வருகிறது என்பதைச் சொல்லி, ஆயிரம் ஆண்டு இடைவெளியை இணைக்கும் சான்று உங்களிடம் இல்லை என்று நிறுத்துங்கள். அதே அவையில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, 'எங்க ஊர் ஏரிக்கரையிலும் எழுத்துள்ள கல் ஒண்ணு கிடக்குது' என்று சொன்னால், அமர்வு முடிந்ததும் அவரிடம் ஊர், வட்டம், தொலைபேசி எண் மூன்றையும் வாங்கிக்கொள்ளாமல் வெளியேறக் கூடாது. தமிழ்நாட்டில் புதிய கல்வெட்டுகள் பல இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன.

மற்றவர் கட்டுரையில் கேள்வி கேட்கும்போது, கேள்வியாகவே கேளுங்கள். நான்கு நிமிடம் பேசிவிட்டு 'இதைப் பற்றி உங்கள் கருத்தென்ன' என்று முடிப்பது, அழைக்கப்படாமல் ஒரு கட்டுரையை வாசிப்பதற்குச் சமம்.

வாசித்த பின்

இரண்டு வாரத்துக்குள் திருத்தத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் யார் எதைச் சொன்னார் என்பது மறந்துபோகும். வாசித்த கட்டுரைகள் அனைத்தும் தொகுதியில் வெளிவருவதில்லை. பேரவைகள் தேர்ந்தெடுத்தவற்றையே அச்சிடுகின்றன என்பதால், தேர்வாகாவிட்டால் விரித்தெழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பலாம். ஒரே கட்டுரையைத் தலைப்பை மாற்றி மூன்று கருத்தரங்குகளில் வாசிப்பதும் மூன்று தொகுப்புகளில் அச்சிடுவதும் வேண்டாம். முழுக் கட்டுரையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தொகுதி எண், கல்வெட்டு எண், ஆண்டறிக்கை எண் மூன்றையும் கொடுங்கள். பக்க எண் மட்டும் கொடுத்தால் மறுபதிப்பு வரும்போது தேடுபவர் திண்டாடுவார். கேள்வி நேரத்தில் பாடத்தைத் திருத்தியவருக்கு, அந்தத் திருத்தம் இடம்பெறும் அடிக்குறிப்பிலேயே பெயர் குறிப்பிட்டு நன்றி சொல்லி, அச்சுப்படி வந்ததும் ஒன்றை அவருக்கும், படமெடுக்க அனுமதித்த கோயில் அலுவலகத்துக்கு மற்றொன்றையும் அனுப்பிவைக்க வேண்டும்.